ஆதிரையின் வயது

"ஏண்டா, திருவாதிரை அணையப் போகுதாமே?"

2020-ம் ஆண்டு தை மாதம் ஒரு காலையில், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அம்மா கேட்டார். அவர் பிறந்த நட்சத்திரம் அது. எழுபது வருஷமாகப் பெயரோடு சேர்த்துச் சொல்லி அர்ச்சனை செய்துவருகிறார். மார்கழித் திருவாதிரைக்கு எங்கள் வீட்டில் களி கிண்டாத வருஷம் கிடையாது. ஆனால் வானத்தில் அது எங்கே இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. மார்கழித் திருவாதிரையன்று முழு நிலா அந்த மீனுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அந்த வெளிச்சத்தில் அது எடுபடாது.

தை அமாவாசைக்கு முந்தின நாள் இரவு ஏழரை மணிக்கு அம்மாவை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். கிழக்கே பார்த்து அண்ணாந்தால் மூன்று மீன்கள் ஒரே கோட்டில், சம இடைவெளியில் நிற்கும். ஓரியன் என்னும் வேடனின் இடைவார் அவைதான். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளிச் செம்மஞ்சளாக ஒரு மீன். "அதுதாம்மா திருவாதிரை." அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிவபெருமானுக்கு ஆதிரையான் என்று ஒரு பெயர் உண்டு. அந்தச் செந்நிறத்தைக் கண்ணால் பார்த்தபோது அந்தப் பெயர் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

செய்தியிலும் விஷயம் இருந்தது. வழக்கமாகத் திருவாதிரை, அதற்கு மேலே நிற்கும் ரோகிணியைவிடப் பளிச்சென்று இருக்கும். அன்று ரோகிணிதான் பளிச்சென்று இருந்தது. 2019 அக்டோபர் வாக்கில் மங்கத் தொடங்கிய திருவாதிரையின் ஒளி, 2020 பிப்ரவரியில் பழைய அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகம் முழுக்கத் தொலைநோக்கிகளை அதன் பக்கம் திருப்பினார்கள். ஏப்ரலில் அது பழையபடி ஒளிர்ந்தது. தன் மேற்பரப்பிலிருந்து ஒரு பெரும் வாயுத் திரளை அது வெளியே துப்பியிருக்கிறது. அந்த வாயு குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவே திரை போட்டுவிட்டது. ஒரு முதியவரின் இருமல் என்று வைத்துக்கொள்ளலாம். சாவு இன்னும் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் 1 லட்சம் ஆண்டுகளுக்குள் வந்துவிடும் என்பது கணக்கு.

"முதியவர்" என்றேன். வயதைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். இன்னும் 500 கோடி ஆண்டுகள் திடமாக ஓடும். திருவாதிரைக்கு வயது சுமார் 1 கோடிதான். சூரியன் நடுவயதைத் தொட்ட பிறகு பிறந்து, சூரியனுக்கு முன்னால் கண்ணை மூடப் போகிறது. காரணம் அதன் எடை.

விண்மீனின் வாழ்க்கை முழுவதும் தன் எடையைத் தானே தாங்கி நிற்கும் பாடுதான். அதன் ஈர்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. மையத்தில் எழும் வெப்பம் வெளியே தள்ளுகிறது. சோறு கொதிக்கும் உலையில் நீராவி மூடியைத் தூக்கி நிறுத்துவதைப் போல, அடியில் தீ இருக்கும்வரை மூடி இறங்காது. சூரியனின் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிறது. அதில் சுமார் 40 லட்சம் டன் பொருள் என்ற நிலையையே இழந்து ஆற்றலாகிவிடுகிறது. நம் வற்றல் காய்வது அந்தக் கணக்கில்தான்.

எடை கூடினால் தாங்குவதற்குத் தீயும் கூட வேண்டும்; அதுவும் பலமடங்கு கூட வேண்டும். திருவாதிரையின் எடை சூரியனைப் போல 15 மடங்குக்கும் மேல். அது கொட்டும் ஒளியோ ஏறக்குறைய 1 லட்சம் மடங்கு. பதினைந்து பங்கு சொத்தை லட்சம் பங்கு வேகத்தில் செலவழிக்கிற வீடு எத்தனை நாள் தாங்கும்? மையத்து ஹைட்ரஜன் தீர்ந்து, உள்பகுதி சுருங்கிச் சூடேற, வெளிப்பகுதி ஊதிப் பெருத்துக் குளிர்ந்து சிவந்துவிட்டது. சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையைக் கொண்டுவந்து வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

இனி நடக்கப்போவதன் வேகம்தான் எனக்கு எப்போதும் மலைப்பு. சூரியனைப் போல 25 மடங்கு எடையுள்ள ஒரு விண்மீனுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஹைட்ரஜன் எரிய 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சாம்பலான ஹீலியம் எரிய சில லட்சம் ஆண்டுகள். அதன் சாம்பலான கார்பனுக்கு 600 ஆண்டுகள். பிறகு நியான் ஒரு வருஷம், ஆக்சிஜன் ஆறு மாதம். கடைசியாக சிலிக்கான் ஒரே நாளில் எரிந்து இரும்பாகிவிடும். இரும்பில் அடுப்பு அணைந்துவிடுகிறது. இரும்பு அணுக்கருக்களை இணைத்தால் ஆற்றல் வராது. உள்ளே இருக்கும் ஆற்றலும் செலவாகும். தீ நின்றதும் மூடி விழுகிறது. பூமியளவு இருக்கும் இரும்புக் கரு ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் இடிந்து உள்ளே விழ, வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. 70 லட்சம் ஆண்டு வாழ்க்கைக்கு ஒரு நொடியில் முடிவு.

அப்படிச் செத்த ஒன்று அதே வானத்தில் இருக்கிறது. ரோகிணி இருக்கும் ரிஷபக் கூட்டத்தின் கொம்பு நுனிக்கு அருகில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத நண்டு நெபுலா. 1054-ம் ஆண்டு ஜூலை 4 அன்று சீன அரசவை வானியலாளர்கள் அந்த இடத்தில் ஒரு புது மீனைக் கண்டு, அதை விருந்தாளி என்று குறித்து வைத்தார்கள். 23 நாட்கள் அது பட்டப்பகலிலேயே தெரிந்திருக்கிறது. ராஜாதிராஜ சோழன் கொப்பம் போர்க்களத்தில் வீழ்ந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். நெபுலாவின் நடுவே அந்த மீனின் மிச்சம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது: ஒரு நகரத்தின் அளவே உள்ள நியூட்ரான் விண்மீன், நொடிக்கு 30 சுற்று.

எல்லா மீன்களும் வெடிப்பதில்லை. ஓரியன் இடைவாரின் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ் வரும். 1844-ல் ஜெர்மானிய வானியலாளர் பெசல், சிரியஸ் நேராக நகராமல் தள்ளாடிப் போவதைக் கவனித்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்றார். 1862-ல் அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் ஒரு புது லென்ஸைச் சோதித்துப் பார்த்தபோது அந்தத் துணை கண்ணில் பட்டது. சூரியனின் எடை, பூமியைவிடச் சற்றுச் சிறிய உடம்பு. அதில் ஒரு சிட்டிகை எடுத்தாலே தூக்க ஆள் வேண்டும். இதுதான் வெண்குள்ளன்: எரிந்து முடிந்த மீனின் ஆறிவரும் தணல்.

அடுப்பு அணைந்த பிறகு இந்த மூடியை எது தாங்குகிறது? எலெக்ட்ரான்கள். அவற்றை ஓர் அளவுக்கு மேல் நெருக்கி உட்காரவைக்க முடியாது. நெருக்க நெருக்க அவை இன்னும் வேகமாக ஓடித் திருப்பித் தள்ளும். 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், பம்பாயிலிருந்து இங்கிலாந்துப் படிப்புக்காகக் கப்பலேறினார். வழியில் அவர் யோசித்தது இதைத்தான். எடை கூடினால் எலெக்ட்ரான் இன்னும் வேகமாக ஓட வேண்டும்; ஆனால் ஒளியின் வேகத்தை மீறி எதுவும் ஓட முடியாதே! அப்படியானால் ஓர் எடைக்கு மேல் எலெக்ட்ரான்கள் தோற்றுவிடும். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று இன்று அந்த வரம்பைச் சொல்கிறோம். அதைத் தாண்டியவை நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ இடிந்துபோக வேண்டியதுதான். 1935 ஜனவரியில் லண்டனில் அவர் இதைச் சொன்னபோது, அன்றைய பெரிய வானியலாளரான எடிங்டன் அதே மேடையில் அதை நகைப்புக்குள்ளாக்கினார். அந்தப் பையன் தனியாக நின்ற அந்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும். 1983-ல் நோபல் பரிசு வந்தது. அதைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஃபௌலர், விண்மீன்களுக்குள் தனிமங்கள் சமைக்கப்படுவதை ஆராய்ந்தவர்.

சூரியனுக்கு விதிக்கப்பட்டதும் வெண்குள்ளன் முடிவுதான். அதற்கு முன் ரோகிணியைப் போல ஊதிச் சிவக்கும். ரோகிணி ஏறக்குறைய சூரியனின் எடைதான், இன்று சூரியனைப் போல சுமார் 45 மடங்கு அகலம். ஊதிய மீன் தன் வெளிப்பகுதியைக் காற்றாக உதறிவிடுகிறது. சிரியஸின் துணை பிறக்கும்போது சூரியனைப் போல சுமார் 5 மடங்கு எடை இருந்தது. இன்று ஒரு மடங்குதான் மிச்சம். வெடித்தவை வாரி இறைத்ததும், ஊதியவை உதறியதும் எங்கும் தொலைந்துபோகவில்லை. அந்த கார்பனும் ஆக்சிஜனும் இரும்பும் விண்வெளியில் அலைந்து மேகங்களோடு கலக்கின்றன.

அப்படி ஒரு மேகத்தை அம்மாவுக்குக் காட்ட நினைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். இடைவாருக்கு வலப்பக்கம் தொங்கும் வாளின் நடுவில் புகைபோல ஒரு திட்டு இருக்கும். வெறுங்கண்ணுக்கே தெரியும். 1,340 ஒளியாண்டு தொலைவில், 24 ஒளியாண்டு அகலத்தில் விரிந்த ஓரியன் நெபுலா அது. கடுங்குளிரில் கிடந்த வாயுவும் தூசியும் தன் எடையாலேயே முடிச்சு முடிச்சாகச் சரிந்து, மையம் 1 கோடி டிகிரியைத் தொடும்போது அடுப்பு பற்றிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான இளம் மீன்கள் அங்கே இருக்கின்றன. பலவற்றுக்கு 10 லட்சம் வயதுகூட நிரம்பவில்லை. ஹப்பிள் தொலைநோக்கி பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தை மீன்களைச் சுற்றித் தூசித் தட்டுகள் தெரிந்தன. கோள்கள் உருவாவது அந்தத் தட்டுகளில்தான். பிறந்த மேகத்தை விட்டு வெளியே வந்த உடன்பிறப்புகளையும் உச்சியில் பார்க்கலாம். நாம் அறுமீன் என்று சொல்லும் கார்த்திகைதான் அது. கண்ணுக்குத் தெரியும் ஆறோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள், எல்லாவற்றுக்கும் வயது ஏறக்குறைய 10 கோடி.

அம்மா வெகுநேரம் பைனாகுலரை இறக்கவில்லை.

"பஞ்சைப் பிச்சு வச்ச மாதிரி இருக்குடா. அங்கேதான் பொறக்குதா?"

"அங்கேதாம்மா. திருவாதிரையும் இதுமாதிரி ஒரு மேகத்துலதான் பொறந்தது."

பைனாகுலர் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. செம்மஞ்சள் மீனில் நின்றது. திரும்ப வலப்பக்கம் வந்தது. பனி இறங்க ஆரம்பித்திருந்தது. கீழே போகலாமா என்றேன்.

"இரு" என்றார்.