பின்னால் நின்றவர்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மேனாட்டு இசையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர். பள்ளிப் பருவத்தில், திருவிழாக் காலங்களில், அவர் பக்கத்தில் நின்று தாளம் போட்டிருக்கிறேன். எனக்குள்ள இசைப் பயிற்சி அவ்வளவே.

சென்ற ஆண்டு விடுதியில் நண்பனொருவன் கைப்பேசியில் ஓர் இசையைப் போட்டான். பாட்டில்லை, வெறும் வாத்தியம். கேட்டுக்கொண்டிருக்கையிலேயே என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கின. நான்கில் முடியவில்லை. ஐந்தில் வந்து நின்றன. 'தகிட தக, தகிட தக' என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன், அப்படியே பொருந்தியது! அதன் பெயர் 'டேக் ஃபைவ்' என்றும், 1959-இல் அமெரிக்காவின் டேவ் புரூபெக் நால்வர் குழு பதிவு செய்தது என்றும் பிறகு அறிந்தேன். அந்த நால்வரைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் ஜாஸ் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. தொடக்கத்தில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு அதே சுர அடுக்கு சுற்றிச் சுற்றி வர, ஒருவர் பின் ஒருவராக அந்த நேரத்தில் தமக்குத் தோன்றுவதை வாசிப்பார்கள். இறுதியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நம்முடைய நிரவலையும் கற்பனைச் சுரத்தையும் கேட்டவர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. ஆனால் எண்ணிக்கை பெரும்பாலும் நான்குதான். ஐந்தும் ஒன்பதும் அங்கே அன்று அபூர்வம். புரூபெக் இஸ்தான்புல் நகரத் தெருவில் வாத்தியக்காரர்கள் ஒன்பதில் வாசிப்பதைக் கேட்டார். ஒன்பதை மும்மூன்றாக வெட்டாமல், 'தக தக தக தகிட' என்று அவர்கள் வெட்டியிருந்தார்கள். அதிலிருந்து பிறந்தது 'புளூ ராண்டோ ஆலா டர்க்' என்ற இன்னொரு உருப்படி.

புரூபெக் பியானோக்காரர். கலிபோர்னியாவில் மாட்டுப் பண்ணை பார்த்தவரின் மகன். கால்நடை மருத்துவம் படிக்கத்தான் கல்லூரிக்குப் போனார். மனம் ஆய்வுக்கூடத்தில் இல்லை என்பதைக் கண்டுகொண்ட விலங்கியல் பேராசிரியர், எதிரே இருந்த இசைத் துறைக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டாராம். (எங்கள் துறைப் பேராசிரியர்கள் என்னிடம் அப்படிச் சொல்லாதிருப்பார்களாக!) அங்கே போன பிறகுதான் அவருக்கு எழுதிய இசையைப் பார்த்து வாசிக்கவே தெரியாது என்பது வெளிப்பட்டது. யாருக்கும் இசை கற்பிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பின்னரே 1942-இல் பட்டம் கிடைத்தது.

பால் டெஸ்மண்ட் ஆல்ட்டோ சாக்சபோன் வாசித்தவர். கத்ரி கோபால்நாத் அவர்களின் கையில் நாம் கேட்டு மகிழ்ந்த கருவிதான்; ஆனால் இவர் ஊதுவது மிக மெல்லியதாக, காதருகே பேசுவதுபோல் இருக்கும். 'டேக் ஃபைவ்' இவர் அமைத்தது. 1977-இல் இறந்தபோது, அதன் வருவாயைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவுக்குச் சிறு வயதிலிருந்தே பார்வைக் குறை. முதலில் வயலின் கற்றவர். 'டேக் ஃபைவ்' இவரது தனி ஆவர்த்தனத்துக்காகவே உருவானது எனலாம். 1958-இல் அமெரிக்க அரசு இக்குழுவைப் பல நாடுகளுக்கு அனுப்பியபோது சென்னைக்கும் வந்தார்கள். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தார்கள். அந்த இடக்கை வாத்தியக்காரரின் எதிரே அமர்ந்து மொரெல்லோ என்ன நினைத்திருப்பார்! அந்த அரங்கில் ஓர் ஓரமாக நிற்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஏக்கம்தான்.

நான்காமவர் யூஜின் ரைட். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் என்னும் பெருந்தந்திக் கருவியை விரலால் மீட்டுபவர். நால்வரில் இவர் ஒருவரே கறுப்பினத்தவர். 'ஒத்து ஊதுகிறான்' என்று நாம் ஒருவரை ஏளனமாகச் சொல்கிறோம். ஒத்து இல்லாவிட்டால் நாயனக்காரர் சுருதியை எங்கே போய்த் தேடுவார்? ரைட்டின் வேலையும் அப்படிப்பட்டதே. 'டேக் ஃபைவ்' தனி ஆவர்த்தனத்தைக் கவனித்துக் கேளுங்கள். மொரெல்லோ ஐந்தை மறந்தவர்போல எங்கெங்கோ போகிறார்; அடியை நீட்டுகிறார், நடுவே வெற்றிடம் விடுகிறார். அவ்வளவு நேரமும் கீழே பியானோவும் பேஸும் அந்த ஐந்தையே விடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இவர் போக முடிகிறது.

அதே 1958-இன் தொடக்கத்தில், வட கரோலினா மாநிலத்தின் கிழக்குக் கரோலினா கல்லூரியில் நடந்தது இது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்றனர் நிர்வாகத்தினர். ரைட் இல்லாமல் நாங்களும் இல்லை என்றார் புரூபெக். அரங்கில் மாணவர்கள் பொறுமையிழந்து தரையை உதைத்துக்கொண்டிருந்தனர். கடைசியில் ஒரு நிபந்தனை வந்தது: ரைட் பின்னால் மறைவாக நிற்க வேண்டும். நிகழ்ச்சி சூடுபிடித்தபோது, உன் மைக் வேலை செய்யவில்லை, முன்னே வந்து என் மைக்கில் வாசி என்று புரூபெக் அவரை மேடையின் முன்பக்கத்துக்கே அழைத்துவிட்டார்! நிபந்தனை ரைட்டுக்குத் தெரியாது. மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள். 1960-இல் தென் மாநிலக் கல்லூரிகள் வேறு பேஸ்காரரைக் கொண்டுவரச் சொன்னபோதும் புரூபெக் மறுத்தார். 20-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போயின.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு விழா நினைவுக்கு வந்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். அப்பாவின் குழுவை மேடைக்குப் பின்னே, ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் நிறுத்தினார்கள். ஒரு மைக் கேட்டார் அப்பா. "மேளத்துக்கு எதுக்குய்யா மைக்கு?" என்றார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வாரை இறுக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தரையைப் பார்த்து நின்றேன். எங்களை முன்னே கூப்பிட அங்கே யாரும் இல்லை.

பொங்கல் விடுமுறையில் அப்பாவுக்கு 'டேக் ஃபைவ்' போட்டுக் காட்டினேன். இரண்டு சுற்றிலேயே தொடையில் விரல் தட்டி, "கண்டம்டா" என்றார். மொரெல்லோவின் தனி வந்தது. அதை மெச்சுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது சரி, அடியில டும் டும்னு ஒருத்தர் விடாம புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவரு யாரு?"

சொன்னேன். அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.