காது மெஷினுக்கும் அளவு உண்டு

“மெஷின் மாட்டிவிட்டோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். ஆனால் பேச்சுதான் வரமாட்டேங்குது.” செவித்திறன் குறைந்த பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் பலரிடம் கேட்கக்கூடிய குறை இது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. பிள்ளைக்கு மந்தம் என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் கோளாறு பிள்ளையிடம் இல்லை, மெஷினின் செட்டிங்கில் இருக்கிறது.

கூப்பிட்டதும் திரும்புவதற்குச் சத்தம் காதில் விழுந்தால் போதும். பேச்சு புரிவதற்கு அது போதாது. ‘பல்’ என்றார்களா, ‘பள்ளம்’ என்றார்களா, ‘பத்து’ என்றார்களா என்று ஒலியை ஒலியாகப் பிரித்தெடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு மொழி ஏற்கெனவே தெரியும். பாதி கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வார்கள். பிள்ளைக்கோ மொழியே அந்த மெஷின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வராத ஒலியை அது எதைக் கொண்டு ஊகிக்கும்?

குறையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு வழி இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிறந்த குழந்தைகளுக்குச் செவித்திறன் சோதனை நடத்திய அனுபவம் 2014-இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. முதல் சோதனையில் சந்தேகம் எழுந்து மறுசோதனைக்கு அழைக்கப்பட்ட குழந்தைகளில் பலர் திரும்ப வரவில்லை என்பது அதில் தெரிந்த கசப்பான செய்தி. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் மெஷின் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லிவரும் கணக்கு. அந்தக் கணக்கைத் தவறவிடாத குடும்பங்கள்கூட, மெஷின் கைக்கு வந்த பிறகு தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதுதான் செட்டிங்.

சத்தத்தைக் கூட்டினால் போதாதா?

செவித்திறன் குறைவு எல்லா ஒலிக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓரளவு கேட்கும் பிள்ளைக்கு உயர்ந்த அதிர்வெண்ணில் ஒன்றுமே கேட்காமல் போகலாம். செவித்திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமில் அந்தக் குறை, இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோடாகத் தெரியும். எனவே எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபல் கூட்ட வேண்டும் என்று தனித்தனியே முடிவு செய்ய வேண்டும்.

அதோடு முடியவில்லை. மெல்லப் பேசுவதை நிறையவும், சாதாரணப் பேச்சை அளவாகவும், லாரி ஹாரனைக் கொஞ்சமாகவும் பெருக்க வேண்டும். இதைச் செய்வது ‘கம்ப்ரெஷன்’ என்னும் அமைப்பு. எவ்வளவு பெரிய சத்தம் வந்தாலும் இதற்கு மேல் காதுக்குள் போகக் கூடாது என்று உச்ச வரம்பு ஒன்றையும் வைப்பார்கள். மெஷினை மாட்டியதும் பிள்ளை பிய்த்து எறிகிறது என்றால் அடம் என்று நினைத்துவிட வேண்டாம். உச்ச வரம்பு அதிகமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்குகளைப் போட இரண்டு சூத்திரங்கள் உலகெங்கும் புழங்குகின்றன. ஒன்று ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய ‘நால்’. மற்றொன்று கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்கென்றே பிறந்த ‘டிஎஸ்எல்’. எது மேல் என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ‘நால்’, மறு பாதிக்கு ‘டிஎஸ்எல்’ என்று மெஷின் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். மொழி வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எவ்வளவு சீக்கிரம் பொருத்தினார்கள் என்பதுதான் பெரிய வேறுபாட்டைக் காட்டியது.

ஆக, சூத்திரத்தின் பெயர் பெரிய விஷயமில்லை. சூத்திரம் சொன்ன அளவு காதுக்குள் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்பதே கேள்வி. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 55 விழுக்காடு பிள்ளைகளுக்கு ஒரு காதிலாவது மெஷின் தர வேண்டிய அளவிலிருந்து 5 டெசிபலுக்கு மேல் விலகியிருந்தது. வசதி நிறைந்த நாட்டிலேயே இந்த நிலைமை.

சின்னக் காதின் கணக்கு

விலகல் எங்கிருந்து வருகிறது? மெஷினைக் கணினியில் இணைத்து ஆடியோகிராமை உள்ளிட்டால், கம்பெனியின் மென்பொருள் தானாகவே ஒரு செட்டிங் போட்டுத் தரும். அது சராசரிக் காதுக்கான மதிப்பீடு. பல நேரங்களில் உயர்ந்த அதிர்வெண்களில் தேவைக்குக் குறைவாகவே கொடுக்கும். இன்னொன்று, குழந்தையின் காதுக் குழாய் மிகச் சிறியது. அதே மெஷின், அதே செட்டிங், ஆனால் சிறிய இடத்துக்குள் அடைபடும் ஒலியின் அழுத்தம் கூடிவிடும். ஆய்வகத்தில் மெஷினைச் சோதிக்கப் பயன்படும் உலோக அறையில் காட்டும் அளவைவிடக் கைக்குழந்தையின் காதில் சில அதிர்வெண்களில் 10 முதல் 20 டெசிபல் வரை அதிகமாக இருக்கலாம். பிள்ளை வளர வளரக் குழாய் பெரிதாகும். அதே செட்டிங்கில் ஒலி குறைந்துகொண்டே போகும். ஒரு வயதில் சரியாக இருந்தது மூன்று வயதில் போதாமல் போவது இதனால்தான்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். நூல் போன்ற மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைக் காதுக்குள் மெல்லச் செலுத்தி, அதன் மேல் பிள்ளையின் காதளவுக்கு வார்த்த அச்சான மோல்டை மாட்டி, ஓர் ஒலியை விடுவார்கள். செவிப்பறைக்கு அருகே எவ்வளவு ஒலி சேர்ந்தது என்று திரையில் கோடு விழும். வலி கிடையாது, அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் முடித்துவிடலாம். அந்த அளவை வைத்துக்கொண்டு மீதி வேலையை மெஷினிலேயே பார்த்துக்கொள்ளலாம், பிள்ளையை உட்காரவைத்துப் பாடுபடுத்தத் தேவையில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், புது மோல்டு மாற்றும்போதெல்லாமும் இதைச் செய்ய வேண்டும்.

தமிழுக்கு எது, உருதுக்கு எது

செட்டிங் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்து நடந்தவை. 1994-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 12 மொழிகளின் பேச்சொலியை அதிர்வெண் வாரியாக அளந்தார்கள். அந்தப் பட்டியலில் சிங்களம் இருந்தது, தமிழ் இல்லை. மொழிக்கு மொழி சராசரியில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. எனவே பொதுச் சூத்திரம் தமிழ்ப் பிள்ளைக்கும் அடிப்படையாகப் பொருந்தும். ஆனால் எந்த ஒலி எந்தப் பொருளைச் சுமக்கிறது என்பது மொழிக்கு மொழி மாறும்.

ஆங்கிலத்தில் பன்மைக்குப் பெரும்பாலும் சொல்லின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஒலிதான் அடையாளம். பெண்களும் குழந்தைகளும் சொல்லும் ‘ஸ்’ பிள்ளைகளுக்குத் தெளிவாக விளங்க 8,000, 9,000 ஹெர்ட்ஸ் வரை மெஷின் ஒலி தர வேண்டும் என்று அமெரிக்காவின் ஒமாஹா நகரில் உள்ள பாய்ஸ் டவுன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழைய மெஷின்கள் பலவற்றில் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டும் முன்பே ஒலி தேய்ந்துவிடும்.

தமிழில் இலக்கணத்தின் பெரும் பாரம் சொல்லின் கடைசியில் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ முழுதாக ஒலிப்பதில்லை. ‘வந்தா’ என்பதை மூக்கால் இழுத்து விட்டுவிடுகிறோம். ‘வந்தாள்’ என்பதில் அந்த மூக்கொலி கிடையாது. வந்தது அண்ணனா அக்காவா என்பதைச் சொல்வது அந்த மெல்லிய மூக்கொலி மட்டுமே. வாக்கியம் முடியும் இடத்தில் குரலும் தாழ்ந்துவிடும். மின்விசிறி இரைச்சல் வேறு தாழ்ந்த அதிர்வெண்களிலேயே சூழ்ந்துகொள்ளும். எனவே மெல்லிய பேச்சுக்கு, அதாவது 50, 55 டெசிபல் அளவில் வரும் குரலுக்கு, மெஷின் போதுமான பெருக்கம் தருகிறதா என்று பார்ப்பது தமிழ்ப் பிள்ளைக்கு மிக அவசியம். ல, ள, ழ வேறுபாடு பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் தெரியும். அங்கும் பள்ளம் விழக் கூடாது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். உருதில் ஸ, ஷ, ஃப போன்ற உரசொலிகள் நிறைய. ‘சாத்’ என்றால் ஏழு, ‘பாத்’ என்றால் பேச்சு. அந்த முதல் ஒலி தெளிவாக விழ உயர்ந்த அதிர்வெண் வேண்டும். வீட்டில் உருது, தெருவில் தமிழ் என்று வளரும் பிள்ளைக்குத் தாழ்ந்த அதிர்வெண், உயர்ந்த அதிர்வெண் என இரண்டு முனையும் தேவை. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதை, செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட் கேட்காமலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரைச்சலும் தூரமும்

புது மெஷின்களில் இரைச்சலைக் குறைக்கும் புரோகிராம் இருக்கும். அது காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் பேச்சைப் புரியவைப்பதில் பெரிதாக உதவுவதில்லை. முன்பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் மைக் உதவும், பிள்ளை பேசுபவரைப் பார்த்துக்கொண்டிருந்தால். தரையில் உட்கார்ந்து விளையாடும் மூன்று வயதுப் பிள்ளை யாரைப் பார்க்கும்? பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டே பிள்ளைகள் நிறையச் சொற்களைக் கற்கிறார்கள். அந்த வழியை அடைத்துவிடக் கூடாது என்பதால், சிறு பிள்ளைகளுக்கு இந்த மைக்கை எப்போதும் போட்டே வைப்பதில் ஆடியாலஜிஸ்ட்கள் தயங்குவார்கள்.

எந்தச் செட்டிங்காலும் வெல்ல முடியாதது தூரம். தடையில்லாத இடத்தில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 65 டெசிபலாக இருக்கும் குரல் நான்கு மீட்டரில் 53. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கான அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, வாங்கிவந்து வீட்டிலேயே கையால் தைக்கும் பெண்கள் உண்டு. ஊசியும் நூலுமான இந்த வேலையில் தையல் மெஷின் சத்தம் கிடையாது, பிள்ளையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஊசி கோத்தபடியே பேசும் அந்த ஒரு மீட்டர் தூரம்தான் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வகுப்பறை. பள்ளிக்கூட வகுப்பறையில் ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது வல்லுநர்கள் பரிந்துரை. நெடுஞ்சாலையோரப் பள்ளியில் அதற்கு முதல் பெஞ்சும், ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய கம்பியில்லா மைக்கும் தேவைப்படும்.

எத்தனை மணி நேரம்?

சரியான செட்டிங்கும் மாட்டினால்தான் பயன். அமெரிக்காவில் 2015-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் மெஷின் மாட்டியிருந்த பிள்ளைகளின் மொழி வளர்ச்சி நன்றாக இருந்தது. எத்தனை மணி நேரம் மாட்டினார்கள் என்பதை இன்றைய மெஷின்களே பதிந்து வைக்கின்றன. திட்டுவதற்காக இல்லை, ஏன் மாட்டவில்லை என்று காரணம் தேடுவதற்காக அந்தப் பதிவைப் பாருங்கள்.

வேலூர் வெயிலில் காரணம் பல நேரம் வியர்வையாக இருக்கும். ஈரம் புகுந்தால் மைக் மங்கும், மோல்டுக் குழாயில் நீர்த்துளி அடைக்கும். இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, மெஷினைச் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஷூ பெட்டிக்குள் வைக்கும் சின்னப் பொட்டலத்தில் இருப்பதும் அதே சிலிகா ஜெல்தான். அதையும் பேட்டரியையும் பிள்ளை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி உயிருக்கே ஆபத்து.

மெஷின் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க ஒரு சோதனை உண்டு. கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்தது: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகள். பிள்ளையின் பின்னால் உட்கார்ந்து, வாயை மறைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டால் ஒரு பொத்தானை டப்பாவில் போடச் சொல்லுங்கள். நேற்று ‘ஸ்’ஸுக்குப் பொத்தான் போட்ட பிள்ளை இன்று போடவில்லை என்றால் பேட்டரியையும் மோல்டையும் பாருங்கள். சரியாகவில்லை என்றால் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இலவசமாகக் கிடைக்கிறது. மெஷினால் பயனில்லாத அளவு குறை உள்ள ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம். இலவச மெஷின் என்றாலும் காசு கொடுத்து வாங்கிய மெஷின் என்றாலும், அடுத்த முறை போகும்போது நான்கு கேள்விகளைக் கேட்காமல் திரும்பாதீர்கள்: என் பிள்ளையின் காதுக்குள் அளந்து பார்த்தீர்களா? மெல்லிய பேச்சுக்குப் போதுமான பெருக்கம் இருக்கிறதா? உச்ச வரம்பு எவ்வளவு? மோல்டு மாற்ற எப்போது வர வேண்டும்? கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பதில்களில்தான் பிள்ளையின் பேச்சு இருக்கிறது.