சுட்ட யானைக்கு வண்ணம்!

பள்ளியில் நீங்கள் செய்த களிமண் யானை சூளையில் வெந்து வந்துவிட்டதா? உடனே தூரிகையை எடுக்காதீர்கள்!

சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே துளைகள் வண்ணத்தையும் உறிஞ்சிவிடும்! எனவே தூசியைத் துடைத்து, முதலில் வெள்ளை அக்ரிலிக் பூசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம் தீட்டுங்கள். வாட்டர் கலர் தண்ணீர் பட்டால் கரையும். காய்ந்த அக்ரிலிக் கரையாது.

இரும்பைக்கு அருகே, புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் முறை வேறு. கண்ணாடி போன்ற மெருகைப் பூசி, சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் சுட்டார்கள். மெருகு உருகி மண்ணோடு ஒன்றிவிடும். அத்தகைய தட்டில் சாப்பிடலாம்.

நீங்கள் வண்ணம் தீட்டிய கோப்பையிலோ பேனா வையுங்கள், பால் குடிக்காதீர்கள்!