இரும்பை வெட்ட முன்னம்: கராஜுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சேஸிஸ்

இந்த வார எபிசோட்டுக்கு எழுத்துத் துணை இது. காதால் கேட்கேக்க பிடிபடாத எண்களையும் ஒழுங்குமுறைகளையும் இதில் ஆறுதலாக வாசிக்கலாம்.

வென்ட்வேர்த்வில்லில் ஒரு சாதாரணத் தமிழ் வீட்டுக் கராஜை நினைத்துப் பாருங்கோ. மூலையில் இரண்டாவது பிரிட்ஜ், பக்கத்தில் அரிசி மூட்டை, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பெரிய சட்டிகள், ஒருத்தரும் ஓடாத சைக்கிள். கார் மட்டும் வெளியில் நிற்கும். அந்த இடத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸைக் கட்டலாமா?

கட்டலாம். வெல்டிங்தான் பெரிய கஷ்டம் என்று பலர் நினைக்கினம். வெல்டிங் பழகக்கூடிய விஷயம். கஷ்டமானது அதுக்கு முன்னால் வருகிறது. எந்தக் காரின் உறுப்புகளைப் பாவிக்கப் போறீங்கள், சட்டம் முறுக்குப்படாமல் எப்படி நிற்கும், கடைசியில் யார் கையெழுத்து வைப்பார்: முதல் குழாயை வெட்ட முன்னம் இந்த மூன்றுக்கும் பதில் வேணும். இல்லாவிட்டால் இரண்டு மூன்று வருஷ வார இறுதிகளும் சேமிப்பும் போய், ரெஜோ கிடைக்காத ஒரு இரும்புக் கூடுதான் மிஞ்சும்.

இது புதுப் பைத்தியம் இல்லை

1948இல் லண்டனில் கொலின் சாப்மன் தன் முதல் காரைக் கட்டினது ஒரு பழைய ஆஸ்டின் செவனை வைத்து. இடம், பிறகு அவருக்கு மனைவியான ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கராஜ். அதுதான் லோட்டஸின் தொடக்கம். 1957இல் வந்த லோட்டஸ் செவனை உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டலாம். 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகமே போட்டார். இன்றைக்கும் வீட்டில் கட்டுற ஆட்கள் பலர் அந்த 'லோகாஸ்ட்' வரைபடத்தில் இருந்துதான் தொடங்கினம்.

எங்கட பக்கத்திலும் ஆள் இருந்தவர். இங்கிலாந்தில் விமானப் பொறியியல் வேலை செய்த கய் பக்கிங்ஹாம் சிட்னிக்குக் குடிபெயர்ந்து, 1950களில் 'நோட்டா' என்ற பெயரில் குழாய்ச் சட்டக் கார்கள் கட்டத் தொடங்கினார். விமானத்தில் பழகின கை, பாரம் குறைந்த சட்டத்தின் அருமை தெரிந்த கை. பிறகு வந்த 'நோட்டா ஃபேங்' காரில் மினியின் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். கையில் கிடைக்கிற மலிவான எஞ்சினைச் சுற்றிக் கார் கட்டுறதுக்கு அது நல்ல உதாரணம்.

அதே யோசனை கோயம்புத்தூரிலும் வேலை செய்தது. எஸ். கரிவரதன் சோழவரத்தில் ஓடின ரேஸ் வீரர். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க இந்தியாவில் பலருக்கும் வசதி இல்லாத காலத்தில், தெருவில் எங்கும் ஓடின மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைக் காரில்தான் நரேன் கார்த்திகேயன் தொடங்கினார். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓடினார். கரிவரதன் 1995இல் காலமாகிவிட்டார். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இவையள் எல்லாரும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களின் சொந்த வேலை நடுவில் இருந்த சட்டம்தான்.

முதல் பதில்: எந்தக் கார்

உறுப்பு எடுக்கிற காரை முதலில் வாங்குங்கோ, வரைபடத்தைப் பிறகு கீறுங்கோ. பலர் மஸ்டா எம்எக்ஸ்-5ஐத் தேடுறதுக்குக் காரணம் இருக்கு. எஞ்சின் முன்னால், ஓட்டம் பின் சில்லுக்கு, பாரமும் குறைவு. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே காரில் இருந்து வந்தால், ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற தலையிடி பாதி குறையும். நாலு கார்களின் உறுப்புகளைக் கலந்தால், மலிவாக வாங்கினதை விடக் கூடின காசு இடைத்துண்டுகள் செய்யப் போகும்.

இரண்டாவது பதில்: முறுக்கு

நாலு ஐஸ்கிரீம் குச்சியைச் சதுரமாக வைத்து, மூலைகளில் குண்டூசி குத்துங்கோ. ஒரு பக்கம் தள்ளினால் சரிந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி போடுங்கோ. இப்ப அசையாது. குழாய்ச் சட்டத்தின் ரகசியம் இவ்வளவுதான்: சதுரங்களை முக்கோணங்களாக்கிறது.

ஆனால் ஆள் இருக்கிற இடத்தில் குறுக்குக் குழாய் போட ஏலாது. அதனால் எந்தத் திறந்த காருக்கும் பலவீனமான இடம் நடுப்பகுதிதான். நடுவில் போகிற டனலையும் இரண்டு பக்கச் சட்டங்களையும் நன்றாக முக்கோணமாக்கித்தான் அந்த இழப்பை ஈடுசெய்ய வேணும். முன்பக்கம் எவ்வளவு கட்டியாக இருந்தாலும் நடு முறுக்குப்பட்டால் பிரயோசனம் இல்லை.

முறுக்குப்பட்டால் என்ன? வளைவில் போகேக்க சேஸிஸே ஐந்தாவது ஸ்பிரிங்காக மாறும். ஸ்பிரிங்கை மாற்றினாலும் டாம்பரை மாற்றினாலும் கார் சொன்னபடி கேட்காது. நாளடைவில் வெல்டிங் மூட்டுகளில் வெடிப்பும் வரலாம்.

லோகாஸ்ட் வகைக் கார்களுக்கு வழக்கமான குழாய் 25 மில்லிமீட்டர் சதுரம், 1.6 மில்லிமீட்டர் தடிப்பு. ஒரு மீட்டர் ஏறக்குறைய 1.1 கிலோ. நாற்பது மீட்டர் போனால்கூட 45 கிலோவைத் தாண்டாது. பாரத்தைக் கூட்டாமல் விறைப்பைக் கூட்ட, தடித்த குழாயை விடச் சரியான இடத்தில் போட்ட ஒரு குறுக்குக் குழாய்தான் உதவும். கம்ப்யூட்டரில் பார்க்கிறது நல்லது. அதோடு மரக்குச்சியால் ஐந்தில் ஒரு பங்கு மாதிரி செய்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கோ. எங்கே நெளியுது என்று கைக்கே தெரியும்.

உண்மையான சட்டத்தையும் வீட்டிலேயே அளக்கலாம். பின் சஸ்பென்ஷன் பூட்டுற இடங்களை அசையாமல் கட்டுங்கோ. முன்பக்கத்தை நடுவில் ஒரு புள்ளியில் மட்டும் தாங்கி, குறுக்கே ஒரு பலமான தண்டைப் பூட்டுங்கோ. நடுவில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி 60 கிலோவைத் தொங்கவிட்டால், முறுக்குவிசை ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர். சட்டத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு டயல் கேஜ் வைத்துப் பாருங்கோ. இரண்டுக்கும் வித்தியாசம் 3.5 மில்லிமீட்டர் என்றால், முறுக்கு 0.2 பாகை. 590ஐ 0.2ஆல் பிரித்தால் பாகைக்கு 2,950 நியூட்டன் மீட்டர். இது கணக்கு விளங்க ஒரு உதாரணம். உங்கட சட்டத்துக்கு எந்த எண் வேணும் என்கிறதைத்தான் அடுத்த ஆளிட்ட கேட்க வேணும்.

மூன்றாவது பதில்: யார் கையெழுத்து

ஆஸ்திரேலியாவில் இப்படித் தனியாள் கட்டுற வண்டிக்கு 'இன்டிவிஜுவலி கன்ஸ்ட்ரக்டட் வெஹிக்கிள்', சுருக்கமாக ஐசிவி என்று பெயர். இதுக்கான தேசிய வழிகாட்டி விஎஸ்பி 14. நியூ சவுத் வேல்ஸில் விஎஸ்சிசிஎஸ் என்ற திட்டத்தின் கீழ் உரிமம் உள்ள சான்றாளர் வண்டியைப் பார்த்து, சான்றிதழ் தந்தால்தான் ரெஜோவுக்குப் போகலாம். முறுக்கு, வளைவுச் சோதனைகள், பிரேக், புகை, லைட், சீட் பெல்ட் பூட்டுற இடம் எல்லாம் அவர் பார்க்கிற விஷயங்கள்.

எல்லாச் சான்றாளரும் ஐசிவி பார்க்கிறதில்லை. பார்க்கிறவரைத் தேடிப் பிடித்து, வரைபடமாக இருக்கேக்கயே போய்க் கதையுங்கோ. இந்த எஞ்சின் புகை விதிக்குச் சரிவருமா, எந்த மூட்டுகளைப் பெயின்ட் அடிக்க முன்னம் பார்க்க வேணும், என்னென்ன படம் எடுத்து வைக்க வேணும் என்று கேளுங்கோ. காகிதத்தில் ஒரு கோட்டை அழிக்கச் செலவு இல்லை. வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த சட்டத்தை வெட்டேக்கதான் வலி தெரியும்.

பிறகு கராஜ்

மட்டமான மேசை இல்லாமல் தொடங்காதீங்கோ. எல்லாக் குழாயையும் முதலில் புள்ளி வெல்டிங்கால் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து, சரி என்றால் மட்டும் முழுதாக வெல்டிங் செய்யுங்கோ. அதையும் ஒரே பக்கமாகச் செய்தால் சூட்டில் சட்டம் இழுபடும். பக்கம் மாறி மாறிச் செய்யுங்கோ. பெரிய வெல்டருக்கு 15 ஆம்ப் பிளக் வேணும். வீட்டில் இருக்கிறது வழக்கமாக 10 ஆம்ப். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கோ. நாகம் பூசின குழாயை அப்படியே வெல்டிங் செய்தால் வருகிற புகை ஆளைக் காய்ச்சலில் போடும். பூச்சில்லாத குழாயாக வாங்குங்கோ. ஸ்டீயரிங் தண்டு போன்றவற்றை வீட்டில் வெட்டி ஒட்டாதீங்கோ. எரிபொருள் டாங்கை வெல்டிங் நடக்கிற கூரைக்குக் கீழே வைக்கவே வேண்டாம்.

அயலவரையும் யோசியுங்கோ. நியூ சவுத் வேல்ஸில் வீட்டுப் பவர் டூல் சத்தம் அயல்வீட்டு அறைக்குள் கேட்கக்கூடாத நேரம் இருக்கு: இரவு 8 மணிக்குப் பிறகும், காலை 7 மணிக்கு முன்னமும். ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் காலை 8 மணி.

இதெல்லாம் பெரிய பாரமாகத் தெரிந்தால், யூனியில் இருக்கிறவைக்கு ஒரு நல்ல வழி ஃபார்முலா எஸ்ஏஈ. மாணவர் அணிகள் ஒற்றை இருக்கை ரேஸ் காரைத் தாங்களே வடிவமைத்துக் கட்டிப் போட்டிக்குக் கொண்டு போகினம். எஞ்சினியரிங் படிக்கிற ஆட்கள் மட்டும்தான் சேரலாம் என்று நினைக்காமல் போய்க் கேட்டுப் பாருங்கோ. உங்கட பிழையை இன்னொரு ஆள் பார்த்துத் திருத்துற இடத்தில் பழகுறது பெரிய வசதி.

தனியாகத்தான் செய்யப் போறீங்கள் என்றால், இந்த வார இறுதியில் இரும்புக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு பெட்டி ஐஸ்கிரீம் குச்சி, பசை, ஒரு அடிமட்டம் போதும். மாதிரியைக் கட்டி முறுக்கிப் பாருங்கோ. அது நெளியாமல் நின்றால், சான்றாளருக்கு ஒரு கோல் எடுங்கோ. அம்மாவின் பிரிட்ஜை நகர்த்துற கதையை அதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.