எஞ்சினுக்கு முன் பிரேக்: பழைய சத்ரியாவைச் செப்பாங் தடத்துக்குத் தயார் செய்வது எப்படி?

சிரம்பான்: நெகிரி செம்பிலானில் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டி எழுந்த தாமான்களிலும் பழைய புரோட்டோன் காரை வாங்கி, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாகம் பாகமாக மாற்றி வேகம் கூட்டும் நம் இளைஞர்கள் பலர் உள்ளனர். அந்த வேகத்தைக் காட்ட உலகத் தரம் வாய்ந்த பந்தயத்தடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. நீலாயைத் தாண்டி விமான நிலையப் பக்கம் போனால் செப்பாங் அனைத்துலகப் பந்தயத்தடம் வந்துவிடும். 1999 முதல் 2017 வரை எஃப்1 பந்தயம் நடந்த அதே தடத்தில், ஓட்டும் நாள்களில் கட்டணம் செலுத்தி, விதிமுறைகளுக்கு உட்பட்டு, சொந்தக் காரையும் ஓட்டலாம்.

ஆனால், பட்டறையில் பெரும்பாலும் முதலில் எழும் பேச்சு எஞ்சினைப் பற்றியதுதான். எத்தனை குதிரைத்திறன் கூடும், எந்தப் புகைக்குழாய் போட்டால் சத்தம் நன்றாக இருக்கும், டர்போ ஏற்றலாமா என்பவையே கேள்விகள். தடத்தில் இறங்கிய சில சுற்றுகளிலேயே வேறொரு கேள்வி முன்னுக்கு வந்துவிடும். இந்தக் கார் நிற்குமா?

சேமித்த பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது என்பது காரின் வேகத்தை மட்டுமல்ல, ஓட்டுபவரின் உயிரையும் தீர்மானிக்கும்.

ஏன் சத்ரியா?

1990-களின் இறுதியில் வந்த சத்ரியா ஜிடிஐ இன்றும் பலரின் கனவுக் கார். 1.8 லிட்டர், 16 வால்வு மிட்சுபிஷி எஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன். 1996-இல் புரோட்டோன் வாங்கிய பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் இதன் சஸ்பென்ஷனைச் செம்மைப்படுத்தியது. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். பின்னர் 2006-இல் சத்ரியா நியோ வந்தது. அதன் போட்டி வடிவமான எஸ்2000 காரில்தான் அலிஸ்டர் மெக்ரே 2011-ஆம் ஆண்டின் ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை வென்றார்.

காரின் அடிப்படை நன்றாக இருக்கிறது. ஆனால் வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஆகவே ஜிடிஐ-க்கான முதல் 'மேம்பாடு' எந்த விளம்பரத்திலும் வராது. காய்ந்துபோன ரப்பர் புஷ்கள், தேய்ந்த பால் ஜாயிண்ட், வெடிப்பு விட்ட ரேடியேட்டர் குழாய்கள், எண்ணெய் கசியும் சீல்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் புதிய சஸ்பென்ஷன் போடுவது, உளுத்த கட்டைக்கு வார்னிஷ் பூசுவது போலத்தான். தடத்தில் எண்ணெய் கொட்டினால் பின்னால் வரும் காரும் வழுக்கும்.

பிரேக்கில் என்ன நடக்கிறது?

செப்பாங் தடத்தின் நீளம் 5.543 கி.மீ., வளைவுகள் 15. பார்வையாளர் மேடையின் இரு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான இரண்டு நேர்ப்பாதைகள் உள்ளன. இரண்டின் முடிவிலும் மிக மெதுவான வளைவு. அதாவது, கார் உச்ச வேகத்தைத் தொடும் இடத்திலேயே மிகக் கடுமையாகப் பிரேக் பிடிக்க வேண்டும்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 70 கி.மீ.க்குக் குறைவதாக வைத்துக்கொள்வோம். அந்த நான்கு விநாடிகளில் பிரேக் வெப்பமாக மாற்றும் ஆற்றல், ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகம் இரட்டிப்பானால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பாதையில் ஒருமுறைகூட வராத இந்தச் சோதனை, தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை வருகிறது.

இந்த வெப்பம் முதலில் தாக்குவது பிரேக் எண்ணெயை. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய பிறகு அதே எண்ணெயின் கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அழுந்தும், எண்ணெய் அழுந்தாது. மிதித்த பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

இதைத் தடுக்கும் வழி மலிவானது. டாட் 4 எண்ணெயின் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரமேறிய நிலையில் 155. டாட் 5.1-க்கு முறையே 260, 180. தடத்துக்குப் போகுமுன் பழைய எண்ணெயை முழுதாக வெளியேற்றி, புதிய புட்டியைத் திறந்து நிரப்பி, காற்றுக் குமிழிகளை எடுத்துவிட வேண்டும். சிலிகான் வகையான டாட் 5 வேறு சரக்கு. பெயர் ஒத்திருக்கிறது என்று இதில் கலக்கக் கூடாது.

அடுத்தது பிரேக் பேட். சாதாரண பேட் அதிக வெப்பத்தில் பிடிமானம் இழக்கும். தடத்துக்கென்று உயர்வெப்பம் தாங்கும் பேட்கள் கிடைக்கின்றன. ஆனால் முழுப் பந்தய பேட், சூடேறாத நிலையில் சரியாகப் பிடிக்காது. காலையில் வேலைக்குப் போகும் அதே காருக்கு இரண்டுக்கும் பொதுவான வகையே பொருத்தம். பெரிய பிரேக் செட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நல்ல எண்ணெயும் நல்ல பேட்டும் இருந்தால் தொடக்கநிலை ஓட்டுநருக்கு அதுவே போதும்.

டயர்: நான்கு உள்ளங்கை அகலம்

கார் சாலையைத் தொடுவது நான்கு இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கை வழியாகவே வேலை செய்கின்றன. ஆகவே பிரேக்குக்கு அடுத்த வெள்ளி டயருக்குப் போக வேண்டும்.

வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. '1419' என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்ட பழைய டயர் தடத்துக்கு ஆகாது. ஓட ஓட டயருக்குள் காற்று சூடாகி அழுத்தம் ஏறும் என்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சூடாக இருக்கும்போதே அளந்து சரிசெய்ய வேண்டும்.

ஒட்டும் தன்மை மிகுந்த செமி-ஸ்லிக் டயர் சுற்று நேரத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் பள்ளங்கள் குறைவு. மாலையில் தடத்தை முடித்து வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் அடைமழை பிடித்தால், அந்த டயர் தண்ணீரை வெளித்தள்ளாமல் அதன்மேல் மிதக்கும். அவ்வகை டயரைத் தனி ரிம்மில் எடுத்துச் சென்று, தடத்தில் மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு. மாற்றிய பின் நட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

எடையைக் குறைத்தால் காசில்லா வேகம்

ஏறத்தாழ 1,080 கிலோ எடையும் 140 குதிரைத்திறனும் உள்ள காரிலிருந்து 50 கிலோ இறக்கினால், முடுக்கத்தில் ஆறு குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமமான பலன் கிடைக்கும். அதே 50 கிலோ குறைவு பிரேக்குக்கும் டயருக்கும் சேர்த்து உதவும். எஞ்சின் பாகம் எதுவும் இந்த மூன்றையும் ஒருசேரத் தராது. பூட்டில் கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டி, கருவிகள், உதிரி டயர் ஆகியவற்றைத் தடத்தில் இறங்குமுன் எடுத்து வைத்தாலே நல்ல தொடக்கம். ஓட்டத்தின்போது உருண்டு பெடலுக்கு அடியில் சிக்கும் தண்ணீர்ப் புட்டி போன்றவை காரில் இருக்கவே கூடாது.

இருக்கை வாரில் கவனம் தேவை. கூரை நசுங்காமல் காக்கும் ரோல் கேஜ் இல்லாத காரில் நான்கு முனை வார் பூட்டினால், கார் உருளும்போது உடல் குனிய முடியாமல் நேராக மாட்டிக்கொள்ளும். சாலைக் காருக்கு, நல்ல நிலையில் உள்ள அசல் மூன்று முனை வாரே பாதுகாப்பு. தலைக்கவசம், முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, காரில் இழுவைக் கொக்கி ஆகியவற்றை ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள்.

சஸ்பென்ஷன், குளிரூட்டல், கடைசியில் எஞ்சின்

காரைத் தரையோடு இறக்கினால் பார்வைக்குப் பந்தயக் கார். ஆனால் அளவுக்கு மீறி இறக்கினால் சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறி, மேடு வந்ததும் அடியில் மோதி, டயர் தரையை விட்டு எழும்பும். கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் அப்சார்பர், பிறகு சக்கரக் கோணங்களை முறையாக அமைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும்.

பிடிமானம் கூடியதும் புதிய சிக்கல் ஒன்று தலைகாட்டும். செப்பாங்கின் ஐந்தாவது, ஆறாவது வளைவுகள் போன்ற நீண்ட வேக வளைவில், எஞ்சின் எண்ணெய் தொட்டியின் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சினால் சில விநாடிகளில் பேரிங் போய்விடும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைப்பதும், எண்ணெயை மேல்கோடு வரை நிரப்பி ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பார்ப்பதும் எஞ்சினைக் காக்கும். ரேடியேட்டரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் எஞ்சின். டர்போ இல்லாத எஞ்சினில் காற்று வடிகட்டி, புகைக்குழாய், கணினி மாற்றம் எல்லாம் சேர்ந்தாலும் கூடும் திறன் செலவுக்குக் குறைவே. ஹாஃப் கட் கடையில் ஏறத்தாழ 200 குதிரைத்திறன் தரும் 4ஜி93 டர்போ எஞ்சினைத் தேடி வாங்கி மாற்றுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் பிரேக், கியர்பெட்டி, குளிரூட்டல் எல்லாவற்றையும் அதற்கேற்ப மீண்டும் மாற்ற வேண்டிவரும். எஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின், அதாவது ஜேபிஜே-யின் அனுமதியும் தேவை.

சிறிய எஞ்சினில் கற்றவர்கள்

குறைந்த திறனுள்ள காரில் கற்றுக்கொள்வது தாழ்வில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். எல்லார் காரும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் வெற்றியைத் தீர்மானித்தது ஓட்டுநரின் திறமைதான். அந்தப் பந்தயங்களில் தொடங்கிய கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து எஃப்1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு செப்பாங்கிலும் ஓடினார்.

நம் நாட்டின் கரம்ஜிட் சிங், 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் உலகப் பட்டம் வென்றதும், விற்பனைக் காரை அதிகம் மாற்ற விதி இடம்தராத புரொடக்‌ஷன் பிரிவு ராலியில்தான். முதல் தட நாளில் பயிற்றுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது என்று கற்பதால் குறையும் நேரம், பல பாகங்களால் குறையும் நேரத்தைவிட அதிகமாக இருக்கும்.

சாலையில் வேண்டாம்

தயார் செய்த காரைச் சாலையில் சோதித்துப் பார்க்கும் ஆசைதான் குடும்பங்களை நிலைகுலைய வைக்கிறது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, ஆபத்தாக வாகனம் ஓட்டும் முதல் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கப்படும். அதனால் உயிர் போனால் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி அபராதம்.

காப்புறுதியும் கவனிக்க வேண்டியது. வழக்கமான காப்புறுதி, பந்தயத்திலோ தடத்திலோ ஏற்படும் சேதத்தைப் பொதுவாக ஏற்காது. தெரிவிக்காமல் செய்த மாற்றங்களும் சாலை விபத்தின்போது இழப்பீட்டுக்குத் தடையாகலாம். ஆகவே தடத்தில் கார் நொறுங்கினால் அந்தச் செலவு சொந்தச் செலவு என்று கணக்கிட்டே போக வேண்டும். கடனில் வாங்கிய, வீட்டில் எல்லாரும் நம்பியிருக்கும் ஒரே கார் என்றால், தடத்துக்குப் பதில் கோ-கார்ட்டில் தொடங்குவது நல்லது.

முதல் நாள் போகிறவர்கள் ஐந்தாறு சுற்று ஓட்டியதும், ஒரு சுற்று மெதுவாக வந்து பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பேட்டின் கனம், டயர் அழுத்தம், எண்ணெய் அளவு, சுற்று நேரம் ஆகியவற்றைச் சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்தப் பாகம் வாங்குவது என்பதை நண்பர்களின் பேச்சைவிட அந்த நோட்டு சரியாகச் சொல்லும்.