ஒரே கணனியில் பழையதும் புதியதும்

சமையலறைக்குக் கேஸ் அடுப்பு வந்ததும் விறகடுப்பை உடைத்தெறிந்த வீடுகள் உண்டு. அதைக் கொல்லைப் பக்கம் ஓரமாக ஒதுக்கி வைத்த வீடுகளும் உண்டு. 2022ஆம் ஆண்டு நம் நாட்டில் கேஸ் சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்றபோது, ஒதுக்கி வைத்தவர்களின் வீட்டில் நேரத்துக்குச் சோறு வெந்தது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தூக்கியெறிவது புத்தியல்ல. அதே அடுப்பைக் கவனிப்பாரின்றி எரியவிட்டுப் போவதும் புத்தியல்ல. பழையதை வைத்திருக்கலாம், அதற்குரிய இடத்தில், அதற்குரிய காவலோடு வைத்திருக்க வேண்டும்.

வீட்டிலுள்ள கணனிக்கும் இதே விதி பொருந்தும்.

உம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே உம்மா பல வருடங்களாகக் கணனியில் தட்டச்சுச் செய்து நாலு காசு சம்பாதிக்கிறார். பாடசாலை வினாத்தாள்கள், கலியாண அழைப்பிதழ்கள், சங்கங்களின் கடிதங்கள் எல்லாம் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்தில் அமைகின்றன. கணனியில் இருப்பது வின்டோஸ் 7. உயர்தரம் படிக்கும் மகளுக்கோ இணைய வகுப்பு வேண்டும். புதிய உலாவி வேண்டும். குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து வின்டோஸ் 7இல் ஓடுவதில்லை. "உம்மா, இதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம்" என்கிறாள் மகள். "என் பிழைப்பே அதற்குள்தானே இருக்கிறது" என்கிறார் உம்மா. இரண்டாவது கணனி வாங்க வசதியில்லை.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஒருவருக்காக மற்றவர் இழக்க வேண்டியதில்லை. ஒரே கணனியில் இரண்டு இயங்குதளங்களை வைத்திருக்க வழியுண்டு.

இயங்குதளம் என்றால் என்ன?

பாடசாலைப் புத்தகங்களில் பணிசெயல் முறைமை என்று சொல்லப்படுவதும் இதுவே. கணனியின் உறுப்புகளை இயக்கி, மற்ற மென்பொருள்களுக்கு வேலை செய்ய இடம் கொடுப்பது அது. வின்டோஸ் ஒரு வகை. 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் மற்றொரு வகை. லினக்ஸில் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் 2006இல் தொடங்கிய லினக்ஸ் மின்ட், வின்டோஸ் பழகியவர்களுக்கு எளிதானது. அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஒரு பெரிய அறையின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு அறைகளாக்குவது போல, வன்தட்டைப் பிரித்து ஒரு பக்கம் பழையதையும் மறுபக்கம் புதியதையும் குடியமர்த்தலாம். கணனியைப் போட்டதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். எது வேண்டுமோ அதைத் தெரிவு செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். மற்றதற்குப் போக வேண்டுமானால் கணனியை மீண்டும் தொடக்க வேண்டும்.

வின்டோஸின் புதிய பதிப்பையே போட்டால் என்ன என்று கேட்கலாம். வின்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வின்டோஸ் 11க்கு 4 ஜீ.பி. நினைவகமும் 64 ஜீ.பி. இடமும் போதாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசொப்டின் நிபந்தனை. வின்டோஸ் 7 காலத்துக் கணனிகளில் அது இருப்பதில்லை. லினக்ஸ் மின்டுக்கோ 2 ஜீ.பி. நினைவகமும் 20 ஜீ.பி. இடமும் இருந்தால் தொடங்கலாம், 4 ஜீ.பி. இருந்தால் சிரமமின்றி ஓடும்.

பழையது உண்மையில் தேவையா?

முதலில் இதைத் தீர விசாரியுங்கள். பலர் எழுத்துக்காகவே பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணனியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பாமினி எழுத்துருவைப் புதிய இயங்குதளத்திலும் நிறுவினால் எழுத்து மீண்டும் தமிழாகத் தெரியும். எழுத்துருவுக்காக மட்டும் பழைய இயங்குதளம் தேவைப்படாது.

பழைய மென்பொருளின் நிலை வேறு. 2001இல் வந்த 7.0 தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. அதன் கோப்புகளை இன்டிசைன் சீ.எஸ்.6 வரையான பதிப்புகள் திறக்கும். அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை. பழைய பிரின்டர்கள் சிலவற்றுக்கும் புதிய இயங்குதளத்துக்கான மென்பொருள் கிடைப்பதில்லை. இப்படியான தேவை இருந்தால் மட்டும் பழையதை வைத்திருங்கள்.

வேலையைத் தொடங்கு முன்

முதலாவது, எல்லாக் கோப்புகளையும் வெளி வன்தட்டொன்றில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிரதி எடுக்காமல் வன்தட்டைப் பிரிக்கும் வேலையில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கடைத் தம்பி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

இரண்டாவது, பழைய மென்பொருள்களின் இறுவட்டுகளையும் இலக்கங்களையும் தேடி ஒரே இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, வேலையின் நடுவே மின்சாரம் போகக் கூடாது. யூ.பி.எஸ். இருந்தால் நல்லது, மடிக்கணனியானால் மின்கலம் நிறைந்திருக்கட்டும்.

நான்காவது, பழையது முதலில், புதியது பிறகு என்ற வரிசை மாறக் கூடாது. பிறகு வரும் பழைய வின்டோஸ், தொடக்கத்தில் தோன்றும் பட்டியலைத் தன் பங்குக்கு அழித்துவிடும். நாம் சொன்ன வீட்டில் வின்டோஸ் 7 ஏற்கெனவே இருப்பதால், அதன் வன்தட்டு முகாமைப் பகுதியிலேயே இடத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். லினக்ஸ் மின்டை நிறுவும்போது "வின்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு" என்ற தெரிவு வரும். அதையே எடுக்க வேண்டும். "முழு வன்தட்டையும் அழி" என்பதும் அருகிலேயே இருக்கும். வாசித்துப் பார்த்து அழுத்துங்கள்.

வின்டோஸ் 10 அல்லது 11 உள்ளவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு இலக்கத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். "வேகத் தொடக்கம்" என்ற ஏற்பாட்டை நிறுத்தி விடுங்கள். அது இருந்தால் வின்டோஸ் முழுமையாக அணையாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்நிலையில் லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதினால் கோப்புகள் கெடலாம்.

பழையதற்கு இணையக் கதவு வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். வின்டோஸ் 7க்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை வீட்டுக் கணனிகளுக்கு யாரும் அடைத்துத் தருவதில்லை.

2017 மே மாதம் வொன்னாக்ரை என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் பலவும் அதனால் தடுமாறின. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே, ஆதரவிலிருந்த இயங்குதளங்களுக்கு வெளியிட்டிருந்தது. திருத்தம் போடப்படாத கணனிகளே பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. திருத்தமே வராத கணனியின் நிலை என்னவென்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வின்டோஸ் 7க்குள் போய் வலையமைப்பு இணைப்புகளை முடக்கி விடுங்கள். இணையம், மின்னஞ்சல், வங்கி வேலை, வகுப்பு எல்லாம் லினக்ஸ் பக்கத்தில் நடக்கட்டும். வின்டோஸின் கோப்புகளை லினக்ஸ் வாசிக்கும். உம்மா அழைப்பிதழை வின்டோஸில் அமைத்து பீ.டி.எஃப். ஆகச் சேமித்தால், லினக்ஸில் நுழைந்து அதை அச்சகத்துக்கு அனுப்பலாம். வெளியார் தரும் பென் டிரைவைப் பழைய பக்கத்தில் செருகாதீர்கள். இணையம் இல்லாவிட்டாலும் அந்த வழியால் வைரஸ் வரும்.

மகளும் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோசொப்ட் வேர்ட் லினக்ஸில் நேராக நிறுவப்படாது. லிப்ரே ஒபிஸ் அந்தக் கோப்புகளைத் திறக்கும். பக்க அமைப்பு சில இடங்களில் கொஞ்சம் விலகலாம். ஒப்படைகளை அனுப்புமுன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

மணிக்கூடு பின்னால் போனால்

லினக்ஸிலிருந்து வின்டோஸுக்கு வந்தால் கணனியின் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கலாம். கணனியின் உள் மணிக்கூட்டில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. வின்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று வாசிக்கிறது. இலங்கை நேரம் அதைவிட 5.30 மணித்தியாலம் முன்னால் இருப்பதால்தான் இந்த வித்தியாசம். உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸில் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு வழி

சற்றுப் புதிய கணனி, 8 ஜீ.பி. நினைவகத்துடன் உங்களிடம் இருந்தால் வன்தட்டைப் பிரிக்கவே தேவையில்லை. வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மென்பொருள் ஒன்றினுள் பழைய இயங்குதளத்தை ஒரு சாளரமாக ஓட்டலாம். கணனிக்குள் ஒரு கற்பனைக் கணனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இணையத்தைத் துண்டித்து வைக்கலாம்; மீளத் தொடக்கும் அலைச்சலும் இல்லை. பழைய கணனியில் இந்த முறை மிக மெதுவாக இருக்கும்.

என்றைக்கும் இப்படியேவா?

இல்லை. வன்தட்டுக்கும் ஆயுள் உண்டு. பழைய இயங்குதளம் கோப்புகளை நிரந்தரமாகப் பூட்டி வைக்கும் பெட்டகமல்ல. அவற்றைப் பத்திரமாக வெளியே கொண்டுவரக் கிடைத்த அவகாசம். வாரத்துக்குப் பத்துக் கோப்பு என்று கணக்கு வைத்து முக்கியமானவற்றை பீ.டி.எஃப். ஆக மாற்றுங்கள். எழுத்தை மட்டும் பின்னர் திருத்த வேண்டியவற்றை யுனிகோட் தமிழுக்கு மாற்றி வையுங்கள். புதிய வேலைகளைப் புதிய பக்கத்திலேயே தொடங்கிப் பழகுங்கள்.

இந்த மாற்றத்தில் உம்மாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்தால் வேலை இலகுவாகும். எந்தக் கோப்பு முக்கியம் என்பது உம்மாவுக்குத் தெரியும். அதை எப்படி மாற்றுவது என்பது மகளுக்குத் தெரியும். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கணனி மேசையிலேயே வையுங்கள். உம்மா இத்தனை வருடம் தட்டச்சுச் செய்து சேர்த்த வேலை ஒரே இரவில் அழிந்துபோகாமல் காப்பது அந்தக் கொப்பியும் அந்தப் பிரதியும்தான்.