ஏரிக்கரைப் பாதையை ஒரு கோடை முழுவதும் படம்பிடித்தோம்

“கோடையில் மரங்கள் இலை உதிர்த்து வாடி நிற்கும்.” மார்ச் மாதம் ஏழாம் வகுப்பில் பருவகாலங்களைப் பற்றிப் பேசும்போது இப்படித்தான் சொன்னேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். “இல்ல டீச்சர், ஏரிக்கரைப் புங்கமரம் இப்பத்தான் துளிர் விட்டிருக்கு.” மாலையில் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அவள் தினமும் அந்த வழியாக நடப்பவள். நான் பேருந்தில் வந்து இறங்குபவள்.

எங்கள் பள்ளி செய்யாறு பக்கம் உள்ளது. ஊரிலிருந்து வயலுக்குப் போகும் பாதை ஏரிக்கரை மீதே செல்கிறது. சனிக்கிழமைதோறும் அதைப் படம்பிடிப்பது என்று முடிவு செய்தோம். பெற்றோர் இசைவுடன் ஆறு மாணவர்கள் வந்தார்கள். கருவி என் கைப்பேசி மட்டும்தான்.

முதல் மூன்று வாரப் படங்கள் வீண். பார்க்க அழகாக இருந்தன, ஆனால் ஒப்பிட முடியவில்லை. ஒரு வாரம் மதகின் மேலிருந்து எடுத்தோம், மறுவாரம் கீழிருந்து. தண்ணீர் குறைந்ததா, நாங்கள் நின்ற இடம் மாறியதா என்று தெரியவில்லை. பிறகு நான்கு இடங்களில் சுண்ணாம்பு அடித்த கல்லைப் பதித்தோம். கல்லருகே நின்று, ஜூம் செய்யாமல் எடுக்க வேண்டும். முதல் படத்தை நோட்டில் கோட்டுப்படமாக வரைந்து வைத்துக்கொண்டோம். அதே பனைமரம் அதே ஓரத்தில் வர வேண்டும். கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் இது எளிது. நேரமும் ஒன்றே: காலை 6.30. வெயில் ஏறினால் பூவின் நிறம் வெளிறிவிடுகிறது. பிள்ளைகளையும் 7.30க்குள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இன்னொரு பிழை என்னுடையது. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் படங்களை அழித்துவிட்டேன். தெளிவு குறைந்ததோடு, படத்தினுள் பதிவாகியிருந்த எடுத்த நேரமும் போய்விட்டது. அதன்பின் தேதி, நேரம், கல் எண் மூன்றையும் நோட்டில் எழுதுவது ஒரு மாணவனின் பொறுப்பானது.

ஜூனில் பள்ளி திறந்ததும் படங்களை வரிசையாக ஒட்டினோம். இரண்டாம் கல்லில் கொன்றை: ஏப்ரலில் வெறுங்கிளை, மே நடுவில் முழு மஞ்சள், ஜூனில் பச்சை. வேம்பு பூத்துக் காய்த்துப் பழுக்கத் தொடங்கியிருந்தது. அக்னி நட்சத்திர நாட்களில் மதகுப் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்திருந்தன. படிகளை எண்ணியே பிள்ளைகள் நீர்மட்ட வரைபடம் போட்டார்கள். கோடைமழை பெய்த வாரத்தில் மட்டும் கோடு இறங்கவில்லை.

அப்போது ஒருவன் கேட்டான்: “தண்ணியே இல்லாதப்ப மரம் எப்படி டீச்சர் துளிர்க்குது?” நல்ல கேள்வி. பழைய இலைகளை உதிர்த்துவிடுவதால் மரம் இழக்கும் நீர் குறைகிறது. புங்கை போன்றவற்றின் வேர் ஆழத்திலுள்ள ஈரத்தை எட்டிவிடுகிறது. மூன்றாம் கல் படத்தைக் காட்டினேன். அதில் பாதையோரப் புல் ஏப்ரலிலேயே காய்ந்திருந்தது. அதன் வேர் மேலாகவே நிற்பது. “அப்ப வாடுறது புல்லுதான், மரமில்ல” என்றாள் முதலில் எழுந்த மாணவி. என் பாடக்குறிப்பில் அந்த வாக்கியத்தை அடித்துத் திருத்தினேன்.

நான்காம் கல்லை யாரோ பெயர்த்துவிட்டார்கள். இப்போது பனைமரத்தடிதான் அடையாளம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்வரை படம் எடுப்பதாக இருக்கிறோம்.